ஆமைத்தீவின் கிணறுகளுக்கு நீல மை

கரைக்கு அப்பால் இருக்கும் என் அன்பு மச்சான் குலத்துக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உம்முடைய முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் உம்முடைய விளையாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறந்த ஊர் இருக்கிறது, படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது, இருபத்தாறு வருடக் கப்பல் வேலை இருக்கிறது, கோயில் கிணற்றில் தண்ணீர் இறைக்க நீர் துலா போட்டுக் கொடுத்ததுகூட இருக்கிறது. அதை எழுதியவன் நான். "ஞாயிறு பின்னேரங்களில் நண்பர்களோடு பகடை உருட்டி உலகங்கள் செய்தார்" என்று மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் வெட்டினேன். அறுபத்திரண்டு வயதில் கண்மூடிய ஒருவரைப் பற்றி அப்படி எழுதினால் ஊர் சிரிக்குமோ என்று பயந்துவிட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்ததும் உம்முடைய தங்கச்சி பூரணம் முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். எனக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாலு பக்கமும் விளையாட்டைப் பற்றித்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்த வரியை எழுதி ஒரு மணி நேரம் ஆகிறது, இன்னும் வெட்டவில்லை.

இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காக ஒரு பந்தி விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. உமக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளும். நீர் கடைசியாகக் கப்பலால் இறங்கி நெடுந்தீவுக்கு வந்தபோது, ஏதோவொரு வெளிநாட்டுத் துறைமுகத்துப் புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தீர். அதற்குள் எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று விதம் விதமான பகடைகள், ஓர் ஆங்கிலப் புத்தகம். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவரும் அந்த உலகத்தில் ஓர் ஆளாக நடக்க வேண்டும். "இப்ப என்ன செய்யிறியள்?" என்று சொல்கிறவர் கேட்பார். செய்வதைச் சொன்னால், அது பலிக்குமா இல்லையா என்று பகடை தீர்க்கும். சொல்கிறவரை நாங்கள் சுக்கான் என்று கூப்பிட்டோம், ஏனென்றால் நீர் கப்பல்காரர். புத்தகத்தில் அரைவாசியை முதல் மாரியிலேயே கறையான் தின்றுவிட்டது. மிச்ச விதிகளையெல்லாம் நீரே உண்டாக்கினீர். கறையான் தின்றது நல்லது என்று பின்னாளில் சொன்னீர்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நான் கொழும்பிலிருந்து ஒரு வரைபடக் கருவிப் பெட்டியோடு மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தவன். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் நில அளவைப் படம் கீறியவனுக்கு இங்கே கீற ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு நீர் கேட்டது நினைவிருக்கிறதா?

"மச்சான், இல்லாத நாட்டுக்குப் படம் கீறுவீரோ?"

"அளவு ஆர் தருவினம்?"

"நான் வாயால சொல்லுறன். நீர் கீறும். பிழைச்சா ஒருத்தரும் வழக்குப் போடேலாது."

அப்படித்தான் தொடங்கியது. உம்முடைய வீட்டு முன் அறையில், கடல் பார்த்த யன்னலுக்குக் கீழே, உம்முடைய கப்பல் பெட்டிமேல் நீர் இருப்பீர். வெளிச்சம் விழும் ஒரே இடம் அதுதான். பாயில் நாங்கள். மீன்பிடிக்கிற செபமாலை காலைப் பூசைக்குப் போட்ட சேட்டோடேயே வந்துவிடுவான். நாளாந்தம் கடலில் கிடக்கிற அந்த மனிதன் எடுத்த ஆள், தண்ணீரில் கால் வைக்கப் பயந்த கொடிவேந்தன் என்ற தளபதி. தீவில் பாதிப் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்த மருத்துவிச்சி திரேசா எடுத்தது, அரண்மனைப் பூட்டுகளை உடைக்கிற ஒரு கள்ளி. வாய் திறந்து நாலு வார்த்தை கதைக்காத என் பூரணம் கடற்கொள்ளைக்காரி ஆனாள். ஒருநாள் "அவன்ர தலையை எடுங்கோ" என்று அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. நான் மட்டும் ஆள் எடுக்கவில்லை. படம் கீறுகிறேன், அது போதும் என்றேன். ஒவ்வொரு கிழமையும் நீர் கேட்பீர். ஒவ்வொரு கிழமையும் நான் பென்சில் சீவுவேன்.

உம்முடைய உலகங்கள் நாலு. உப்பால் கட்டிய கோட்டையும் மழைக்குப் பயந்த அரசனும் இருந்த உப்புக்கோட்டை. காற்றைச் சாக்கில் கட்டி விற்கிற காற்றுச்சந்தை. ஒரு கிணற்றுக்குள் இறங்கினால் வேறொரு நாட்டுக் கிணற்றால் ஏறக்கூடிய ஏழு கிணறு. இவற்றுக்கெல்லாம் முதல் வந்தது ஆமைத்தீவு. பெரிய ஆமையொன்றின் முதுகில் ஒரு தீவு. அது நீந்த நீந்த நாடும் நகர்ந்துகொண்டே போகும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதை எழுத எனக்குக் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும்.

ஓர் உலகத்தின் கதை முடிந்தால் அடுத்து எந்தப் பழைய உலகம் திரும்பி வரும் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் தலையிடி. நீர் ஒரு துண்டில் எழுதி பிஸ்கற் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவீர். ஞாயிற்றுக்கிழமை திறக்கும் வரைக்கும் ஊகம்தான். சரியாகச் சொன்னவருக்கு அன்று முழுக்கச் சாய்மனைக் கதிரை, மற்றவர்களுக்குப் பாய். சின்னப் பரிசு. ஆனால் அதற்காகச் செபமாலை வலை இழுக்கும்போதே ஊகம் சொல்லுவான் என்று அவனோடு போகிறவர்கள் முறைப்பட்டார்கள். திரேசா கிளினிக்கில் தாய்மாருக்கு நிறை பார்த்துக்கொண்டே, வழியால் போகிற என்னைக் கூப்பிட்டுச் சொல்லுவார்: "அண்ணை, போன தரம் அரசன் தப்பி ஓடினவன். ஓடினவனைக் குலம் அண்ணை கனநாள் வெளியில விட்டு வைக்கமாட்டார். உப்புக்கோட்டை எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். என்னிடம் ஒரு கொப்பி இருந்தது உமக்குத் தெரியும். திகதி, காற்று எந்தத் திக்கு, குறிகட்டுவான் துறைக்குப் படகு ஓடியதா இல்லையா, அமாவாசைக்கு எத்தனை நாள், திரும்பி வந்த உலகம் எது என்று நிரல் போட்டு எழுதி, ஒரு விதி இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினேன். கொண்டல் காற்று வீசினால் காற்றுச்சந்தை என்று ஒரு வருடம் நம்பினேன். படகு ஓடாத கிழமைகளில் ஏழு கிணறு என்று அடுத்த வருடம் நம்பினேன். என் ஊகம் சரிவந்தது ஒரேயொரு தரம். அதுகூட நீர் என்மேல் இரக்கப்பட்டு எழுதியதோ என்று இன்றைக்கும் சந்தேகம்.

பூரணம் மட்டும் ஒருநாளும் பிழை விட்டதில்லை. ஒவ்வொரு தரமும் அவள்தான் சாய்மனைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பாள். செபமாலை நெற்றியில் அடித்துக்கொள்ளுவான்.

"அண்ணனும் தங்கச்சியும் கூட்டுக்கள்ளர்! துண்டைக் காட்டிப்போட்டுத்தான் பெட்டிக்குள்ள போடுறவர்."

"மாதாவாணை காட்டேல்லை" என்று நீர் சொல்லுவீர்.

"நீங்கள் சைவம், மாதாவில ஆணையிட்டாச் செல்லாது!"

சரி. இப்போது ஆமைத்தீவு.

முதல் வருடம், முதல் உலகம், என் முதல் படம். எவ்வளவு கவனமாகக் கீறினேன் என்பது உமக்குத் தெரியும். குடிக்கக்கூடிய கிணற்றுக்கு நீல வட்டம், உவர்க் கிணற்றுக்குக் கறுப்பு வட்டம் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் தீவில் அது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் காரியம். ஆனால் தீவின் தெற்குப் பக்கத்தைக் கீறும்போது நீல மை முடிந்துவிட்டது. மூன்று கிழமை படகு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மை வர வழியில்லை. ஆறு கிணறுகளையும் கறுப்பிலேயே கீறி, தாளின் கீழ் மூலையில் கந்தோர் வழக்கப்படி பொடி எழுத்தில், "தெற்கில் உள்ள கிணறுகள் யாவும் நன்னீர்" என்று குறிப்பு எழுதினேன். குறிப்பு எழுதிவிட்டால் கீறியவனுடைய பொறுப்பு முடிந்தது என்பது கந்தோரில் படித்த பாடம்.

அன்றைக்கு அந்தக் கீழ் மூலையில் பூரணம் வடைத் தட்டத்தை வைத்துவிட்டாள்.

மூவரும் தெற்கே நடந்தார்கள். தண்ணீர் முடிந்தது. "கறுப்பு வட்டம், உவர். விடுங்கோ, அடுத்ததுக்குப் போவம்" என்று செபமாலை தலைமை தாங்கினான். அடுத்ததும் கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. சுக்கான் பிடிக்கிறவர் வாய் திறந்து உதவி செய்யக்கூடாது என்ற உம்முடைய விதிக்கு நீர் கட்டுப்பட்டு, என்னைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் காட்டியிருக்கிறீர். நான் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஆறாவது கிணற்றடியில் செபமாலை பகடை உருட்ட, மூன்று விழுந்தது. கொடிவேந்தன் தாகத்தில் செத்தான். கள்ளியும் கொள்ளைக்காரியும் அடுத்த உருட்டில் அவனுக்குப் பக்கத்திலேயே விழுந்தார்கள்.

அப்போதுதான் நான் தலையை நிமிர்த்தினேன். "ஏன் ஒருத்தரும் தண்ணி குடிக்கேல்லை?" என்று கேட்டேன்.

"குடிக்கிறதோ? எல்லாம் உவரெண்டு நீங்கள்தானே கீறி வைச்சிருக்கிறியள்!"

நான் வடைத் தட்டத்தைத் தூக்கிக் காட்டினேன்.

நீர் சிரித்த சிரிப்பில் பகடைகள் பாயில் உருண்டன. திரேசா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். செபமாலைகூட இரண்டு நாள் கழித்துச் சிரித்தான். நான்தான் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் என் படத்தை நம்பி நடந்த ஒருவனும் வழி தவறியதில்லை என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. ஊரும் தொழிலும் போன பிறகு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பினேன். நீர் வாசல் படலை வரைக்கும் என்னோடு வந்தீர்.

"படத்தில பிழையில்லை மச்சான். ஆமை நித்திரையாப் போச்சுது. அது எழும்பேக்கை பாப்பம்."

அதன் பிறகு பிஸ்கற் பெட்டிக்குள் ஆமைத்தீவு வரவேயில்லை. என் முன்னால் ஊகம் சொல்கிறபோதும் ஒருவரும் அந்தப் பேரை எடுக்கவில்லை. ஒரு தரம் செபமாலை "ஆமை..." என்று தொடங்க, திரேசா அவனுடைய தொடையில் கிள்ளியதை நான் கண்டேன். என் கொப்பியிலும் மூன்று உலகத்துக்குத்தான் நிரல் போட்டிருந்தேன்.

போன சித்திரையில் ஒரு வியாழக்கிழமை துண்டை எழுதிப் பெட்டிக்குள் போட்டு, "செபமாலை உளவு பாப்பான், நீர் வைச்சிரும்" என்று என்னிடம் தந்துவிட்டுப் போனீர். சனிக்கிழமை காலமை நீர் எங்களோடு இல்லை. பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்தேன். அதைப் பற்றி இங்கே கனக்க எழுத மாட்டேன். அந்த நாள்களுக்குக் கல்வெட்டில் இடம் கொடுத்தாயிற்று.

உமக்கு நான் சொல்ல வேண்டிய செய்தி அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமை இருக்கும். செபமாலை மீன் கூடையோடு படலையில் நின்றான்.

"அண்ணை, நான் மாத்திறன். காற்றுச்சந்தை இல்லை. உப்புக்கோட்டை."

"செபமாலை, எந்த உலகம் வந்தாலும் நடத்த ஆளில்லையே."

"அது வேற கதை. நான் இப்ப சொல்லுறது ஊகம். கொப்பியில எழுதுங்கோ."

எழுதினேன். அடுத்த கிழமை திரேசா வந்தார். கடைசியாக ஆடியபோது ஏழு கிணற்றில் ஒரு கிணற்றுக்குள் மட்டும் ஒருவரும் இறங்கவில்லை, அதை நீர் சும்மா விட்டிருக்க மாட்டீர் என்று அரை மணி நேரம் நியாயம் சொன்னார். எழுதினேன். செபமாலை மறுபடி மாற்றினான். திரேசா அவனோடு சண்டை பிடித்தார். உம்முடைய தோணிக்கயிறு எந்தப் பக்கம் கட்டியிருந்தது, கடைசியாக என்ன சுருட்டுக் குடித்தீர் என்பதெல்லாம் சாட்சியாக வந்தது. நீர் இருந்த எந்த வருடத்திலும் என் கொப்பி இவ்வளவு நிரம்பியதில்லை, மச்சான். வரவே முடியாத ஓர் உலகத்தைப் பற்றி ஒரு வருடம் முழுக்க ஊகம் சொன்னார்கள். பூரணத்திடம் கேட்டால், "எனக்குத் தெரியும், சொல்லமாட்டன்" என்பாள்.

பெட்டியைத் திற என்று ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. எனக்குத்தான் தெரியும், திறந்தால் உலகம் ஒன்று வரும், வந்தால் சுக்கான் வேண்டும், எல்லாப் படமும் தெரிந்தவன் நான் ஒருவன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். கந்தோரில் கூட்டத்துக்குப் பேர் கூப்பிட்டால் கழிப்பறையில் போய் நிற்பவன் நான். நீர் கட்டிய உலகங்களை என் வாயால் கெடுத்துவிடுவேன் என்று பயம். ஒருமுறை ஒரு குறிப்பால் மூன்று பேரைக் கொன்றவன் அல்லவா? திறக்காமல் வைத்திருந்தால் நாலு உலகமும் பத்திரமாகக் கிடக்கும் என்று நினைத்தேன்.

போன ஞாயிறு, திவசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பின்னேரம் மூன்று மணிக்குப் படலைக்கு வெளியே சனம் சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உம்முடைய சாய்மனைக் கதிரையைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு செபமாலை வருகிறான். பின்னால் திரேசா உம்முடைய கப்பல் பெட்டியை ஒரு சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வருகிறார். எங்கள் தீவில் அலைகிற குதிரைகளில் மதிலோரம் நின்ற ஒன்று விலகி வழிவிட்டது.

"இனி இது இஞ்சதான் நிக்கும்" என்று கதிரையை இறக்கினான். மூச்சு வாங்கியது. "அண்ணை, மரியாதையாச் சொல்லுறன். இண்டைக்குத் திறக்காட்டி நான் இனி இந்தப் படலை மிதிக்கமாட்டன். ஊகம் சொல்லிச் சொல்லி எனக்கு விசர் பிடிக்குது. நேற்று வலையை விட்டுட்டு யோசிச்சுக்கொண்டு இருந்து ரெண்டு பாரை தப்பிப்போச்சு."

"நானும்தான்" என்றார் திரேசா. "நடத்த ஆளில்லாட்டிப் பரவாயில்லை அண்ணை. எது எண்டு தெரிஞ்சுகொண்டு போறம். அதோட முடிஞ்சுதெண்டு வைப்பம்."

பெட்டியை மூடி வைத்து ஒரு வருடமாக நான் காத்தது அந்த முடிவைத்தான் என்று அப்போது விளங்கியது. அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை எடுத்தேன். கொப்பியையும் சேர்த்து எடுத்தேன்.

கடைசி ஊகம். செபமாலை காற்றுச்சந்தை. திரேசா ஏழு கிணறு. நான் நிரல்களைக் கூட்டிக் கழித்து உப்புக்கோட்டை என்றேன். பூரணம் குசினிக்குள் தேத்தண்ணி வடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்தே சொன்னாள்.

"ஆமைத்தீவு."

செபமாலையும் திரேசாவும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது.

பெட்டி மூடி உப்புக் காற்றில் கறள் பிடித்திருந்தது. செபமாலை மீன் கத்தியால் நெம்பினான். உள்ளே ஒரேயொரு துண்டு. உம்முடைய சரிந்த எழுத்து. "ஆமை எழும்பிட்டுது."

"கள்ளர்! கூட்டுக்கள்ளர்!" என்று செபமாலை துள்ளினான். "அக்கா, மெய்யாச் சொல்லுங்கோ. செத்த மனுசனும் உங்களுக்குத் துண்டு காட்டினவரோ?"

பூரணம் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "ஒரு துண்டும் காட்டேல்லை. அண்ணை உப்புக்கோட்டை எடுக்கப் போறாரெண்டா, ரெண்டு நாளைக்கு முதல் வந்து எங்கட உப்புப் பானையை வெறுமையாக்கிப்போடுவார். கோட்டை கட்டிப் பாக்கிறதுக்கு. காற்றுச்சந்தை எண்டா என்ர மாச்சாக்குகளைக் காணாது. ஏழு கிணறு எண்டா எங்கட கிணத்துக்குள்ள குனிஞ்சு ஒவ்வொரு மாதிரிக் கூப்பிட்டுப் பாப்பார், எந்தக் குரலுக்கு என்ன சத்தம் திரும்பி வருதெண்டு."

மச்சான், நீர் கிணற்றுக்குள் குனிந்து நின்றதை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன்! தண்ணீர் மட்டம் பார்க்கிறீர் என்று நினைத்து, "எத்தினை முழம்?" என்று கேட்டிருக்கிறேன். நீரும் "ஆறு" என்று சொல்லியிருக்கிறீர். அதைக் கொப்பியில் ஒரு நிரலாகப் போட யோசித்தும் இருக்கிறேன்.

"அப்ப ஆமைத்தீவு? ஆமையைக் கொண்டந்து கட்டினவரோ?" என்று திரேசா கேட்டார்.

பூரணம் குசினிக்குள் திரும்பிப் போனாள். மாத் தகரப்பேணிக்குப் பின்னாலிருந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். நீல மைப் போத்தல்.

"போன வருசம் அண்ணை தந்தவர். குறிகட்டுவானால போன ஆரிட்டையோ சொல்லி யாழ்ப்பாணத்தில எடுப்பிச்சவராம். பெட்டி திறக்கிற அண்டைக்கு உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்."

"ஒரு வருசமா வைச்சிருந்தனீரோ?"

"நீங்கள் திறக்கேல்லையே."

அவள் குரலில் கோபம் இல்லை. ஆனால் கல்வெட்டை மடித்து வைத்த அன்றைக்கு எப்படிப் பார்த்தாளோ அப்படித்தான் பார்த்தாள்.

ஆமைத்தீவின் படம் அலுமாரிக்குப் பின்னால் சுருட்டியபடி கிடந்தது. ஓர் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது; கீழ் மூலையில் வடை எண்ணெய் வட்டம் அப்படியே இருந்தது. வெளிச்சத்துக்காக யன்னலடிக்குப் போய் இருந்து, படத்தைத் தொடையில் விரித்து, போத்தலைத் திறந்தேன். முதலாவது கிணறு. இரண்டாவது. நீலம் கறுப்புக்கு மேல் சரியாகப் பிடிக்கவில்லை; இரண்டு பூச்சுப் பூச வேண்டியிருந்தது. செபமாலை என் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தான்.

"அந்த ஆறாவதுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்கோ அண்ணை. அதுக்குப் பக்கத்திலதான் நான் செத்தனான்."

போட்டேன்.

"இவ்வளவு நாளா ஆமை சும்மா கிடந்ததோ?" என்று கேட்டான்.

"சும்மா எங்க கிடந்தது" என்றேன், தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நித்திரையிலையும் நீந்தும். வடகிழக்கால கனதூரம் போட்டுது. முதுகில மண் கூடியிருக்கு. தெற்குக் கரையில இப்ப பனை முளைச்சிருக்கு."

"சனம் இருக்கோ?"

"புகை தெரியுது. ஆக்களைக் காணேல்லை. ஆறாவது கிணத்தடியில ஆரோ ஒரு கல்லு நட்டிருக்கினம்."

"கல்லோ? என்ன எழுதியிருக்கு?" திரேசா பாயில் முன்னுக்கு நகர்ந்தார்.

"இஞ்சையிருந்து தெரியாது. கிட்டப் போகோணும். ஆனா கிணத்துக்குள்ள ஏதோ அசையிற சத்தம் கேக்குது."

"நான் போகேலாது, நான் செத்தவன்" என்று செபமாலை அந்தரப்பட்டான். "எனக்குப் புது ஆள் வேணும், கெதியா! கொடிவேந்தன்ர தம்பி. இவன் தண்ணிக்குப் பயமில்லாதவன்."

"உருட்டும்" என்றேன்.

அவன் உருட்டினான். பூரணம் தன்னுடைய கொள்ளைக்காரிக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று அறிவித்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. கல்லுக்குப் பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டார்கள். வந்ததும் செபமாலையின் பகடையில் ஒன்று விழுந்தது, புதிய ஆள் முள்ளுக்குள் விழுந்தான், நான் என்னையறியாமல் கையை விரித்து அந்த முள் எவ்வளவு நீளம் என்று காட்டினேன். அப்போதுதான் திரேசா மெல்லச் சொன்னார்.

"அண்ணை, நீங்கள் எதில இருக்கிறியளெண்டு பாத்தனீங்களோ?"

குனிந்து பார்த்தேன். உம்முடைய கப்பல் பெட்டி. அவர்கள் அதைக் கொண்டுவந்து எங்கள் யன்னலுக்குக் கீழே வைத்ததை நான் கவனிக்கவேயில்லை. உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. எல்லாம் நீல மை.

சாய்மனைக் கதிரையில் பூரணம் காலை நீட்டி இருந்தாள். "ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றாள். "முள்ளுக்குள்ள விழுந்தவனைத் தூக்கவேணும்."

தூக்கினோம். ஆறு மணிக்கு விளக்கேற்றத்தான் எழும்பினார்கள்.

எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன, மச்சான். ஆமை எழும்பிய பிறகு என்ன செய்வது என்று நீர் நினைத்து வைத்திருந்தீர்? துண்டில் ஒரு வரிதான் இருக்கிறது. அந்தக் கிணற்றுக்குள் அசைவது என்ன என்று எனக்கே தெரியாது, வாயில் வந்துவிட்டது. அதை நீர் ஒத்துக்கொள்வீரா? மை வாங்கியபோது நீர் பக்கத்தில் இருந்து சிரிக்கலாம் என்று நினைத்தீரா, இருக்க மாட்டேன் என்று எங்காவது ஓர் ஓரத்தில் தெரிந்திருந்ததா? பூரணத்திடம் கேட்டேன். "அண்ணைக்கு மை வாங்கத் தோன்றியிருக்கும், வாங்கியிருப்பார்" என்ற கருத்தில் ஏதோ சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மற்றச் செய்திகள். உம்முடைய வெள்ளை ஆடு இரட்டைக் குட்டி போட்டது. ஒன்றுக்குக் கொடிவேந்தன் என்று செபமாலை பேர் வைத்திருக்கிறான். அதுவும் தண்ணீரைக் கண்டால் ஓடுகிறது. உம்முடைய துலா இன்னும் நன்றாக இருக்கிறது. படகு சில நாள் ஓடுகிறது, சில நாள் இல்லை. இப்போது அதைக் கொப்பியில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் ஊகம் நிற்கவில்லை. ஆமைத்தீவின் இந்தக் கதை வரும் ஞாயிறோடு முடிந்துவிடும். அடுத்து எது திரும்பி வரும் என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது. நேற்று ஒரு துண்டு எழுதிப் பெட்டிக்குள் போட்டேன், என் கையால், முதல் தரம். இன்று காலமை ஆள்கள் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றுக்குள் குனிந்து, தடித்த குரலில் ஒரு தரமும் மெல்லிய குரலில் ஒரு தரமும் கூப்பிட்டுப் பார்த்தேன். தடித்த குரலுக்குத்தான் நல்ல சத்தம் திரும்பி வருகிறது. நிமிர்ந்தால், குசினி யன்னலில் உம்முடைய தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இந்த முறையும் கதிரை அவளுக்குத்தான். மலர் அச்சாகிப் படகேறி வர மூன்று கிழமை ஆகும், அதற்குள் பெட்டி திறந்திருக்கும் என்பதால் இதைத் துணிந்து எழுதுகிறேன். செபமாலை மன்னிக்க வேண்டும்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன், குலம். இனி என் கையில் இருக்கும் பெட்டி எதுவும் ஒரு ஞாயிறைத் தாண்டி மூடிக் கிடக்காது. குறிப்பு எழுதினால் வடைத் தட்டத்தாலும் மறைக்க முடியாத பெரிய எழுத்தில் எழுதுவேன். நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் நல்ல தண்ணீர் என்று வாய் திறந்து சொல்லுவேன்.

உம்முடைய தங்கச்சியைக் கட்டியவனும்
நீர் எழுந்துபோன பெட்டிமேல் இருப்பவனுமான
உமது மச்சான்,
சதாசிவம்
நெடுந்தீவு